கொரிய வயிற்று மருத்துவமனைகள்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கொரியாவில் செரிமானக் கோளாறுகளுக்கென்றே நடக்கும் பாரம்பரிய மருத்துவமனை ஒன்றின் வளர்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கிளைகளையும் படுக்கைகளையும் வெளிநாட்டு நோயாளிகளையும் எண்ணிக் காட்டியது, 'தம்ஜொக்' என்ற அதன் நோய் விளக்கத்தையும் கட்டணத்தையும் சொன்னது. நோயாளி அங்கே ஏன் போகிறார், உள்ளே அவருக்கு என்ன செய்கிறார்கள், அதில் எதற்குச் சான்று இருக்கிறது, எது வெறும் விளக்கம் என்ற கேள்விகளுக்குள் அது போகவில்லை. வயிற்றுத் தொல்லையோடு அலைந்து களைத்த ஒருவர் அதைப் படித்துவிட்டு விமானச் சீட்டு விலை பார்க்க வாய்ப்பு உண்டு என்பதால் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது. பொறுத்தருள்க.

முதலில் சட்ட நிலை. கொரியாவில் பாரம்பரிய மருத்துவர் என்பவர் வீட்டுத் திண்ணை வைத்தியர் அல்லர். 1951-ல் இயற்றப்பட்ட தேசிய மருத்துவச் சட்டம் 'ஹனுயிசா' எனப்படும் கொரிய மருத்துவரை அலோபதி மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் இணையாக உரிமம் பெறும் தனி வகையாக வைத்தது. பதினொரு கல்லூரிகளும், பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பள்ளி ஒன்றும் இவர்களை உருவாக்குகின்றன. கல்லூரிப் படிப்பு ஆறு ஆண்டு, முடிவில் அரசின் உரிமத் தேர்வு. அதன் மேல் ஓராண்டு பயிற்சி, மூன்றாண்டு உறைவிடப் பயிற்சி முடித்தால் எட்டுத் துறைகளில் ஒன்றில் சிறப்பு மருத்துவர் ஆகலாம். அந்த எட்டில் 'செரிமானம்' என்று தனித் துறை கிடையாது. கொரிய உள்மருத்துவத்துக்குள் அது ஒரு பகுதி. முப்பது படுக்கையாவது இருந்தால்தான் 'ஹன்பாங்', அதாவது கொரியப் பாரம்பரிய மருத்துவமனை, குறைந்தால் கிளினிக். 'சிறப்பு மருத்துவமனை' என்ற பட்டத்தை 2011 முதல் நல்வாழ்வு அமைச்சகம் மட்டுமே தருகிறது. கொரிய மருத்துவத்தில் அது முதுகெலும்பு, பக்கவாதம் போன்ற சில பிரிவுகளுக்கே கிடைத்துவருகிறது. ஆகவே 'செரிமானச் சிறப்பு' என்று விளம்பரத்திலோ செய்தியிலோ கண்டால், அது அரசுப் பட்டமா, தாங்களாகவே சொல்லிக்கொள்வதா என்பதை அமைச்சகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி வளர்ச்சியின் காரணம். 2010 வாக்கில் கொரியா முழுவதும் இருநூறுக்கும் குறைவாக இருந்த ஹன்பாங் மருத்துவமனைகள் இப்போது ஐநூறைத் தாண்டிவிட்டன. இந்தப் பெருக்கத்தின் பெரும்பங்கு வயிற்றால் வந்ததல்ல, கார் விபத்தால் வந்தது. சிறு மோதலில் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டவர்களுக்கு வாகனக் காப்பீடு அக்குபங்சர், கஷாயம், சுனா எனப்படும் கை வைத்தியம் எல்லாவற்றுக்கும் பணம் தருகிறது. 2021-ல் வாகனக் காப்பீட்டில் கொரிய மருத்துவத்துக்கான செலவு அலோபதிச் செலவையே மிஞ்சியது. வயிற்று மருத்துவமனைக்கு இந்த ஊற்று இல்லை. அதன் நோயாளி வேறொரு வாசல் வழியாக வருகிறார். அந்த வாசல், விந்தையாக, அலோபதி கட்டிக்கொடுத்தது.

கொரியாவில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். அதனால் நாற்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி தேசியத் திட்டத்தில் வருகிறது. செலவில் பத்தில் ஒன்பது பங்கைக் காப்பீடு ஏற்கிறது, வருமானம் குறைந்த பாதிப்பேருக்கு முழுவதும் இலவசம். புற்றை முளையிலேயே பிடிப்பதில் இந்தத் திட்டம் உலகுக்கே முன்மாதிரி. ஆனால் அது இன்னொரு கூட்டத்தையும் உருவாக்குகிறது: 'லேசான இரைப்பை அழற்சி, மற்றபடி ஒன்றுமில்லை' என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பி, மேல்வயிறு கல்லாகக் கனக்க, ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பும் மனிதர்கள். ஐந்து நிமிட ஆலோசனையில் அமிலம் குறைக்கும் மாத்திரையும் குடல் அசைவு மாத்திரையும் கிடைக்கும். சிலருக்குச் சரியாகும், பலருக்கு ஆகாது. ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவரிடம் 'உங்களுக்கு ஒன்று இருக்கிறது, இங்கே தொட்டுப் பாருங்கள்' என்று யார் சொன்னாலும் அவர் உட்கார்ந்து கேட்பார்.

மருத்துவம் இதைச் செயல்பாட்டு அஜீரணம் என்கிறது. இத்தகைய கோளாறுகளுக்கு 2016-ல் வந்த 'ரோம் நான்கு' என்ற சர்வதேச வரையறைப்படி, சாப்பாட்டுக்குப் பின் தொந்தரவு தரும் நிறைவு, சீக்கிரமே வயிறு நிரம்புதல், மேல்வயிற்று வலி, மேல்வயிற்று எரிச்சல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். தொல்லை ஆறு மாதத்துக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும், எண்டோஸ்கோபியில் காரணம் தெரியக் கூடாது. நிறைவு வகைக்கு வாரத்தில் மூன்று நாள், வலி வகைக்கு ஒரு நாள் என்பது கணக்கு. இரைப்பையின் மேற்பகுதி உணவு வரும்போது தளர்ந்து இடம்கொடுக்காதது, காலியாகும் வேகம் குறைவது, நரம்புகள் சாதாரண விரிவையே வலியாக உணர்வது, சிறுகுடல் முனையில் மெல்லிய அழற்சி, பதற்றம், தூக்கமின்மை எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. இவை எதுவும் எண்டோஸ்கோபிக் கண்ணுக்குத் தெரியாது. எனவே 'ஒன்றுமில்லை' என்ற வாக்கியமே தவறு. 'ஆபத்தானது எதுவும் தெரியவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும்.

கொரிய மரபு இந்த நோயாளியைக் கையில் எடுக்க ஏற்கெனவே தயாராக இருந்தது. உணவு நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொண்டு தலைவலியும் குளிர்ந்த கையுமாக வரும் நிலைக்கு அங்கே 'செஹாதா' என்ற அன்றாடச் சொல்லே உண்டு. வீட்டுப் பெரியவர்கள் கட்டைவிரலை நூலால் கட்டி நகத்தடியில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். (அதை யாரும் பின்பற்ற வேண்டாம். கிருமி நீக்காத ஊசி தருவது சீழ்தான்.) அரச மருத்துவர் ஹொ ஜுன் 1610-ல் முடித்து 1613-ல் அச்சான 'தொங்குய் போகம்' என்ற மருத்துவ நூல் இருபத்தைந்து தொகுதிகளில் அஜீரணத்துக்கு நிறைய இடம் தருகிறது. மருத்துவர் யி ஜேமாவின் நான்கு உடல்வகைக் கோட்பாடு 1894-ல் எழுதப்பட்டது. அதில் 'சொஉம்' வகையினரின் பலவீனமே செரிமானம்தான். சிறப்பு மருத்துவமனை இந்தப் பழைய அடித்தளத்தின் மேல் படுக்கையையும் விளம்பரத்தையும் சேர்த்தது.

உள்ளே நடப்பது இதுதான். நாக்கு, நாடி, கேள்வித்தாள் முடிந்ததும் நோயாளி மல்லாந்து முழங்கால் மடக்கிப் படுக்க, மருத்துவர் மார்பெலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் இடையில் அழுத்திப் பார்க்கிறார். எந்த இடம் இறுகியிருக்கிறது, எங்கே வலிக்கிறது, தட்டினால் நீர் குலுங்கும் ஓசை வருகிறதா என்பது மருந்தைத் தீர்மானிக்கும். அக்குபங்சரில் வழக்கமான புள்ளிகள் சில: முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளவில் முன்கால் எலும்பின் வெளிப்பக்கம் உள்ள ஜொக்சம்னி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே நேக்வான், மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவில் ஜுங்வான், கட்டைவிரல் ஆள்காட்டி விரல் இடுக்கு, காலில் பெருவிரல் இடுக்கு. ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய ஊசிகள் பதினைந்து இருபது நிமிடம் இருக்கும். ஜுங்வானில் மாக்ஸா எனப்படும் உலர்ந்த மூலிகைச் சூடு, வயிற்றின் மேல் வெப்பக் கருவி, இடையிடையே கப்பிங் எனப்படும், தோலில் கிண்ணம் ஒட்டி உறிஞ்சும் முறை.

தவறுவதும் இங்கேதான். மெலிந்த உடம்பில் வயிற்றுப் புள்ளியில் ஆழமாகக் குத்தினால் உள்ளுறுப்பைத் தொடும். விலாவுக்கு மேலே குத்தினால் நுரையீரல் ஓட்டை அபூர்வமாக வரும். மாக்ஸாவை நேராகத் தோலில் வைத்தால் கொப்புளம் உறுதி. நீரிழிவால் உணர்ச்சி மங்கியவருக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துபோகும். கர்ப்பிணிகளுக்குக் கை இடுக்குப் புள்ளியைத் தவிர்ப்பது மரபு. ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மருந்துக்கு வருவோம், ஏனெனில் கட்டணத்தின் பெரும்பகுதி அதில்தான். அடிப்படைக் கஷாயங்களில் ஒன்று ப்யோங்விசான். தொங்குய் போகம் சொல்லும் ஒரு வேளை அளவு: சாங்சுல் கிழங்கு 2 தொன், மாண்டரின் ஆரஞ்சின் உலர்ந்த தோல் 1.4 தொன், மக்னோலியா மரப்பட்டை 1 தொன், அதிமதுரம் 0.6 தொன், இஞ்சி மூன்று துண்டு, சீன இலந்தை இரண்டு. ஒரு தொன் 3.75 கிராம். அதாவது 7.5, 5.25, 3.75, 2.25 கிராம். நாக்கில் தடித்த வெண்படலம், வயிற்றில் ஈரக் கனம், சாப்பாட்டில் வெறுப்பு இருந்தால் இது. வாயுவும் மனஉளைச்சலும் கூடியிருந்தால் கோரைக்கிழங்கு, ஏல வகை விதை, கோஷ்டம் சேர்த்து ஹ்யாங்சா ப்யோங்விசான். எரிச்சலும் குடல் இரைச்சலும் சேர்ந்தால் பன்ஹாசசிம்தாங்: பினெல்லியா, ஸ்குடெல்லாரியா, கோப்டிஸ், ஜின்செங், சுக்கு, இலந்தை, அதிமதுரம். மெலிந்து பசியற்றுப் போனவருக்கு யுக்குன்ஜாதாங். ஜப்பானில் ரிக்குன்ஷிதோ என்ற பெயரில் அதிகம் ஆராயப்பட்டது இதுதான். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்போடு அதற்கு உள்ள தொடர்பு அங்கே ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. நோயாளிகளிடம் கண்ட பலன் மிதமானதே.

இவற்றில் பலவும் ஆயத்தத் தூளாக 1987 முதல் தேசியக் காப்பீட்டில் கிடைக்கின்றன, விலை அற்பம். மருத்துவமனைகள் விரும்பித் தருவது தனித்தனியே காய்ச்சிய கஷாயம். இருபது பொட்டலம் மூலிகையை ஒரு 'ஜே' என்பார்கள். துணிப்பையில் கட்டி, ஊறவைத்து, இயந்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சி, நூறு நூற்றிருபது மில்லி உறைகளில் அடைத்தால் பத்து முதல் பதினைந்து நாளுக்கு வரும். மணமுள்ள சரக்குகளை, குறிப்பாக ஏல வகை விதையையும் கோஷ்டத்தையும், கடைசியில்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் காய்ச்சும் இடத்தில் எண்ணெய்ச் சத்து ஆவியாகிப் போகிறது, நோயாளிக்குக் கசப்பு மட்டும் மிஞ்சுகிறது. பினெல்லியாக் கிழங்கைப் பச்சையாகச் சேர்த்தால் தொண்டை வீங்கிக் குரல் போகும், அதனால் இஞ்சியில் பதப்படுத்தியே சேர்ப்பார்கள். உறையைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஊதிப்போன உறையைத் திறக்காமலே எறிந்துவிட வேண்டும்.

மூலிகையின் தரம் பற்றி மக்களிடம் பயம் அதிகம், அங்கே நிலைமை பரவாயில்லை. 2015 ஜனவரி முதல் உற்பத்தித் தர விதி எல்லா மூலிகைத் தயாரிப்பாளருக்கும் கட்டாயம். ஈயம் 5, ஆர்செனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பொது வரம்பு. மருத்துவமனைக்கு வெளியே காய்ச்சும் கூடங்களுக்கு 2018 முதல் அரசுச் சான்றிதழ் உண்டு, ஆனால் விருப்பத்தின் பேரில். எனவே கஷாயம் எங்கே காய்ச்சப்படுகிறது, அந்தக் கூடத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். கோஷ்டத்தின் பெயரோடு பெயர் ஒத்த அரிஸ்டோலோகியா வேர் சிறுநீரகத்தை அழித்துப் புற்றும் தரக்கூடியது, கொரியா தடைசெய்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைக்குறைப்பு மருந்தில் இத்தகைய வேர் மாற்றிச் சேர்ந்ததால் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வீதியோரச் சந்தையில் மூட்டையாக மூலிகை வாங்கி வீட்டில் காய்ச்சுவதில் இந்த அபாயம் இன்னமும் இருக்கிறது.

அதிகம் கவனிக்கப்படாத சிக்கல் அதிமதுரம். கிட்டத்தட்ட எல்லாச் சூத்திரத்திலும் அது இருக்கிறது. நாட்கணக்கில் எடுத்தால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். கால் வீக்கம், ரத்த அழுத்த ஏற்றம், தசைச் சோர்வு, மோசமானால் இதயத் துடிப்புத் தடுமாற்றம். சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. ரத்தம் உறையாமைக்குத் தரும் வார்ஃபரினின் வேலையை ஜின்செங் குறைக்கலாம். ஸ்குடெல்லாரியா அபூர்வமாகக் கல்லீரலைத் தாக்கும். கஷாயம் தொடங்கும் முன்பும் இரண்டு வாரம் கழித்தும் கல்லீரல் என்சைம், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லும் மருத்துவமனையை நம்பலாம். சிறுநீர் கருத்தால், கண் மஞ்சளித்தால், உடம்பு அரித்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் 'ம்யோங்ஹ்யான்' என்ற சொல் குறுக்கே வருகிறது. நோய் வெளியேறும்போது முதலில் மோசமாகும் என்பது அதன் கருத்து. வயிற்றுப்போக்கு, அரிப்பு, எரிச்சல் எல்லாவற்றையும் இதில் போட்டுவிடலாம், அதுதான் அதன் ஆபத்து. அடிக்கடி நடப்பது ஒன்று: ஆண்டுக்கணக்கில் அமிலக் குறைப்பு மாத்திரை எடுத்தவர் அனுமதியான அன்றே அதை முழுவதும் நிறுத்துகிறார். அடக்கிவைத்த அமிலம் எகிறிச் சுரந்து இரண்டு வாரமாவது நெஞ்சு எரியும். அதை நச்சு வெளியேறுவதாக விளக்குகிறார்கள். பிறகு சுரப்பு தானாகச் சமநிலைக்கு வந்ததும் சிகிச்சை வென்றதாகக் கணக்கு. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்திருந்தால் இந்த நாடகமே இருந்திருக்காது.

கட்டுரை மெய்மறந்து விவரித்த 'தம்ஜொக்' பற்றிச் சொல்லாமல் முடியாது. கபம் போன்ற கழிவு சேர்ந்து கட்டியாவது என்பது பொருள். சரியாகச் செரிக்காத உணவின் மிச்சம் நச்சாகி, இரைப்பையின் உட்சவ்வைத் தாண்டி வெளிச்சுவருக்குள் படிந்து இறுகுகிறது, அதனால்தான் எண்டோஸ்கோபியில் தெரிவதில்லை, கையால் அழுத்தினால் தெரிகிறது, அதுவே தலைச்சுற்றல், தோள்வலி, மறதி வரைக்கும் காரணம் என்பது சொல்லப்படும் விளக்கம். சியோலின் கங்னம் பகுதியில் வளர்ந்த ஒரு மருத்துவமனை இதைப் பரவலாக்கியது. கபத் தேக்கம் என்ற கருத்து பழைய நூல்களில் உண்டு. இரைப்பையின் தசைச்சுவரில் நச்சு படிகிறது என்ற உடற்கூற்று வாசகம் இக்காலத்தது.

இரைப்பைச் சுவருக்கு உட்சவ்வு, அதன் அடியடுக்கு, தசை, வெளியுறை என அடுக்குகள் உண்டு. எண்டோஸ்கோபி பார்ப்பது முதல் அடுக்கை. இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப் சுவரை ஐந்து பட்டைகளாகத் தனித்தனியே காட்டும், சிடி ஸ்கேன் தடிமனை அளக்கும். உண்மையிலேயே சுவர் இறுகியிருந்தால் இந்தக் கருவிகளில் தெரிந்தாக வேண்டும். அறுவையில் அகற்றிய இரைப்பைகளை நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியலாளரும் அந்தப் படிவைக் கண்டிருக்க வேண்டும். சோதிக்க எளிதான ஒரு கூற்று இத்தனை ஆண்டுகளாக விரல்நுனியிலேயே நிற்பது எனக்கு ஐயம் தருகிறது. மேல்வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கடினம் பெரும்பாலும் விறைத்த வயிற்றுத் தசை. மெலிந்தவர்களுக்குத் துடிக்கும் பெருந்தமனி, சிலருக்குக் கல்லீரலின் இடது மடல். படுத்தபடி தலையை மட்டும் தூக்கச் சொல்லிவிட்டு அதே இடத்தை அழுத்தினால் வலி கூடுகிறது என்றால், வலி சுவர்த் தசையில், உள்ளுறுப்பில் அல்ல. அரை நிமிட வேலை.

இதைவிடக் கவலை தருவது வேறு. எண்டோஸ்கோபியில் பிடிபடாமல் இரைப்பைச் சுவர் இறுகும் நோய் ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது சவ்வுக்கு அடியில் பரவும் இரைப்பைப் புற்று. மேலே புண் தெரியாது, மேலோட்டமாகக் கிள்ளிய திசுவில் புற்றணு வராமலும் போகும். காற்றடித்தும் இரைப்பை விரியாமல் தோல்பை போல் நிற்பதே தடயம். சீக்கிரம் நிரம்புதல், எடை குறைதல் என அறிகுறிகள் அஜீரணத்தைப் போலவே தொடங்கும். 'எண்டோஸ்கோபியில் தெரியாத இறுக்கம்' என்ற வாக்கியத்தை வயிற்று மருத்துவர் கேட்டால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். அதே வாக்கியத்தை ஆறு வாரக் கஷாயத்துக்கான காரணமாக வைத்திருக்கும் இடத்தில், யார் அதை நினைப்பார்?

சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஹனுயிசா தாமே எண்டோஸ்கோபி செய்வதில்லை, அலோபதி மருந்தும் எழுத முடியாது. ஆனால் 2010 முதல் மருத்துவமனை நிலையில் ஒரு வகை மருத்துவர் மற்ற வகையினரைப் பணியமர்த்தலாம். ஹன்பாங் மருத்துவமனைக்குள்ளேயே உள்மருத்துவ நிபுணரும் எண்டோஸ்கோபி அறையும் இருப்பது அப்படித்தான். அந்த நிபுணர் உண்மையில் நோயாளியைப் பார்க்கிறாரா, பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறாரா என்பதே தரத்தின் முதல் அளவுகோல். 2022 டிசம்பரில் கொரிய உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, கொரிய மருத்துவர் அல்ட்ராசவுண்டைத் துணைக் கருவியாகப் பயன்படுத்தியது குற்றமல்ல என்றது. அந்த வழக்கு எழுந்த கதையைச் செய்திகள் சுருக்கிவிடுகின்றன: இரண்டு ஆண்டில் 68 முறை ஸ்கேன் செய்யப்பட்ட பெண்ணுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்று இருந்தது பிறகு வேறிடத்தில்தான் தெரிந்தது. கருவி கையில் இருப்பதும் அதைப் படிக்கத் தெரிவதும் ஒன்றல்ல.

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா? இல்லை. 2020-ல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் சீன ஆய்வொன்று வந்தது. சாப்பாட்டுக்குப் பின் நிறைவுத் தொல்லை உள்ள 278 பேருக்கு நான்கு வாரத்தில் பன்னிரண்டு முறை, ஒரு பாதிக்கு உண்மை அக்குபங்சர், மறுபாதிக்குப் போலிக் குத்தல். தேறியதாகச் சொன்னவர்கள் உண்மை அக்குபங்சரில் 83 விழுக்காடு, போலியில் 52. முக்கிய அறிகுறிகள் மூன்றும் முற்றிலும் நீங்கியவர்கள் 28 விழுக்காட்டுக்கு எதிராக 17. இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். அக்குபங்சருக்குத் தனிப் பலன் இருக்கிறது. அதே சமயம் வெறும் கவனிப்பே பாதிப்பேரைத் தேற்றியிருக்கிறது, முழுக் குணமோ நான்கில் ஒருவருக்குச் சற்று மேல்தான். இந்த நோயில் எந்தச் சிகிச்சையின் ஆய்விலும் வெற்று மாத்திரைக்கே மூன்றில் ஒருவர் வாக்கில் நலமடைகிறார். ஆகவே மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய நன்றிக் கடிதங்கள் எதையும் நிரூபிப்பதில்லை.

மூன்று வாரம் படுக்கையில் இருப்பவருக்கு மது இல்லை, இரவு பன்னிரண்டு மணிக்குப் பொரித்த கோழி இல்லை, மேலதிகாரியின் அழைப்பு இல்லை, மூன்று வேளையும் நேரத்துக்கு மென்மையான உணவு, பத்து மணிக்குத் தூக்கம், தினமும் ஒருவர் வயிற்றைத் தொட்டு நலம் விசாரிக்கிறார். இவை ஒவ்வொன்றும் செயல்பாட்டு அஜீரணத்துக்கு மருந்துதான். கஷாயத்தின் பங்கு எவ்வளவு, ஒழுங்கான வாழ்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒப்பீட்டு ஆய்வு வேண்டும், சேர்க்கை எண்ணிக்கை போதாது.

கட்டணம் பற்றிக் கட்டுரை சொன்னது பழைய நிலை. 2020 நவம்பரில் மூன்று நோய்களுக்குச் சோதனை முறையில் தொடங்கிய கஷாயக் காப்பீடு, 2024 ஏப்ரல் 29 முதல் ஆறு நோய்களுக்கு விரிந்தது. புதிதாகச் சேர்ந்த மூன்றில் செயல்பாட்டு அஜீரணம் ஒன்று, மற்றவை ஒவ்வாமை மூக்கடைப்பும் இடுப்பு டிஸ்க் பிதுக்கமும். முன்பு கிளினிக்கில் மட்டும் இருந்தது மருத்துவமனைக்கும் வந்தது. நோயாளியின் பங்கு கிளினிக்கில் 30, ஹன்பாங் மருத்துவமனையில் 40, பொது மருத்துவமனையில் 50 விழுக்காடு. ஆண்டுக்கு இரண்டு நோய், ஒவ்வொன்றுக்கும் இருபது நாள் மருந்து வரைதான். பத்து நாள் கஷாயத்துக்கு நோயாளி தருவது சுமார் 40,000 முதல் 80,000 வொன் வரம்பில் வரும். அதற்கு மேல் போகும் நாட்கள், தம்ஜொக் என்ற பெயரில் தரும் தனிக் கலவைகள், வெப்ப சிகிச்சை போன்றவை காப்பீட்டுக்கு வெளியே. அவற்றின் விலையை நோயாளி பார்க்கும் இடத்தில் வைப்பது மருத்துவமனையின் சட்டக் கடமை, கேட்டு வாங்கிப் படியுங்கள். தனியார் இழப்பீட்டுக் காப்பீடு காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்: 2009 அக்டோபருக்குப் பின் விற்கப்பட்ட ஒப்பந்தங்களில் கொரிய மருத்துவத்தின் காப்பீடற்ற இனங்கள் விலக்கப்பட்டவை.

கொரியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டினருக்கு 2019 ஜூலை முதல் தேசியக் காப்பீடு கட்டாயம், எனவே அங்கே வேலை செய்யும் தமிழர்கள் இந்தக் கஷாயத் திட்டத்துக்குள் வருவார்கள். பக்கத்துக் கிளினிக்கிலேயே ஊசியும் தூளும் சில ஆயிரம் வொன்னில் கிடைக்கும்போது கங்னம் வரை போகத் தேவை என்ன என்று அவர்கள் யோசிக்கலாம். மருத்துவத்துக்கென்றே பயணிப்பவர்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. தொண்ணூறு நாள் வரை சி-3-3, அதற்கு மேல் ஜி-1-10 விசா. வெளிநாட்டு நோயாளியை வரவழைக்கும் மருத்துவமனையும் முகவரும் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவெண்ணைக் கேளுங்கள். 2023-ல் ஆறு லட்சமும் 2024-ல் பதினொன்றரை லட்சத்துக்கும் மேலும் வெளிநாட்டு நோயாளிகள் கொரியா போனார்கள் என்ற எண்ணை இந்த மருத்துவமனைகளின் புகழாகக் காட்டுவது சரியல்ல. அதில் மிகப் பெரும் பங்கு தோல் சிகிச்சைக்கு, கொரிய மருத்துவத்தின் பங்கு மிகச் சிறியது.

போகத்தான் போகிறேன் என்பவர் கையில் இருக்க வேண்டியவை: ஓராண்டுக்குள் எடுத்த எண்டோஸ்கோபி அறிக்கை, இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனை முடிவு, வயிற்று அல்ட்ராசவுண்ட், ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். அந்தக் கிருமியை ஒழித்தாலே பதினான்கு பேரில் ஒருவருக்கு அஜீரணம் தீர்கிறது, மலிவான முதல் படி அது. வலிநிவாரணி, இரும்பு மாத்திரை, எடைக்குறைப்பு ஊசி எடுப்பவருக்கு நோயே அந்த மருந்தாக இருக்கக்கூடும். எடை தானாகக் குறைதல், விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, தார் போன்ற மலம், ரத்தச்சோகை, ஓயாத வாந்தி, குடும்பத்தில் இரைப்பைப் புற்று, நடுவயதுக்குப் பின் முதன்முறை வரும் அஜீரணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயம் காத்திருக்கட்டும். நடந்தால் மேல்வயிறு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

தங்கள் செய்தியாளர் மீண்டும் அந்த மருத்துவமனை நிர்வாகத்தோடு பேச நேர்ந்தால் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டுகிறேன். அனுமதியானவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் இடத்திலேயே அல்லது வெளியே எண்டோஸ்கோபி மறுபடி செய்யப்பட்டது, அதில் எத்தனை பேருக்கு வேறு நோய் தெரிந்தது? வீடு திரும்பி ஓராண்டு கழித்து எத்தனை பேர் மாத்திரை இல்லாமல் இருக்கிறார்கள், அதை யார் எண்ணினார்கள்? கல்லீரல் என்சைம் ஏறியதால் கஷாயம் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? பதிலோடு எண்கள் வந்தால் அவற்றை அப்படியே அச்சிடுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
செரிமான மருத்துவத் துறையைச் சேர்ந்த வாசகர்